காலேஜ் ஃபுட்பால் பௌல் சீசன்: பிக்-எம் ஷீட்டில் எந்த மேட்சுக்கு எத்தனை பாயின்ட் போடுவது?

தரமணிவாசி:

எங்க ஆபீஸ்லயும் அமெரிக்க டீம்லயும் சேர்த்து இந்த டிசம்பர்ல அமெரிக்க காலேஜ் ஃபுட்பாலோட சீசன் முடிஞ்சு நடக்கற பௌல் ஆட்டங்களை வெச்சு பிக்-எம் நடத்துறோம். காசு எதுவும் கிடையாது, சும்மா போட்டி. ஷீட்ல 40 மேட்ச் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஜெயிக்கிற டீமைச் சொல்லணும், கூடவே 1லேர்ந்து 40க்குள்ள ஒரு நம்பர் போடணும். ஒரு நம்பரை ஒரு தடவைதான் போடலாம். சொன்ன டீம் ஜெயிச்சா அந்த நம்பர் நம்ம கணக்குல சேரும், தோத்தா பூஜ்யம்.

என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பாலோட தொழில்முறை லீக்) ஓரளவு தெரியும், காலேஜ் ஆட்டம் புதுசு. 6 ஜெயிச்சு 6 தோத்த டீமுக்கெல்லாம் எப்படி சீசன் முடிஞ்சும் மேட்ச் கிடைக்குது? பிளேஆஃபும் பௌலும் ஒண்ணா, வேறயா? வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் பார்த்து நம்பர் போட்டா போதுமா? அப்புறம் ஷீட்ல நேரமெல்லாம் ஈஸ்டர்ன்ல (அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரம்) இருக்கு. சென்னை நேரத்துக்கு எப்படி மாத்துறது?

---

நாலாவது டவுன்:

பெயரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் முதல் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. இந்த பௌலுக்கும் கிரிக்கெட் பௌலிங்குக்கும் சம்பந்தம் இல்லை. கிண்ணம் என்றுதான் பொருள். யேல் பல்கலைக்கழகம் 1914இல் கிண்ணம் மாதிரி குழிந்த ஒரு மைதானம் கட்டி அதற்கு யேல் பௌல் என்று பெயர் வைத்தது. கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் 1922இல் கட்டிய மைதானம் அதைப் பார்த்து ரோஸ் பௌல் ஆனது. மைதானத்தின் பெயர் அங்கே புத்தாண்டு அன்று நடக்கும் ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆட்டம் மைதானத்தைவிடப் பழையது. பாசடீனாவின் ரோஜா ஊர்வலத் திருவிழாவுக்குக் கூட்டம் சேர்க்க 1902 ஜனவரி 1 அன்று முதல் ஆட்டம் வைத்தார்கள். மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்ட் 0. அவ்வளவு ஒருதலைப்பட்சமாகப் போனதால் அடுத்த ஆட்டம் 1916இல்தான் நடந்தது. இடைப்பட்ட வருடங்களில் ரதப் பந்தயம்கூட விட்டுப் பார்த்தார்கள். ரோஸ் பௌலின் வெற்றியைப் பார்த்துவிட்டு மயாமியும் நியூ ஆர்லியன்ஸும் 1935இல் ஆரஞ்ச் பௌல், சுகர் பௌல் தொடங்கின. டாலஸ் 1937இல் காட்டன் பௌல் தொடங்கியது. எல்லாம் குளிர்காலத்தில் வெளியூர்க்காரர்களை வரவழைக்க நினைத்த ஊர்கள்.

ஆக, பௌல் என்பது ஒரு ஊர் தன் விழாவுக்கு இரண்டு டீம்களை விருந்துக்கு அழைப்பது. சாம்பியனைத் தீர்மானிக்க யாரும் இதை உருவாக்கவில்லை. அதனால்தான் 6-6 டீமுக்கும் அழைப்பு வருகிறது.

அழைப்புக்கான தகுதி இது: வழக்கமான சீசனில் 12 ஆட்டம், அதில் குறைந்தது 6 வெற்றி. கீழ்ப்பிரிவான எஃப்சிஎஸ் டீமை வென்றது ஒன்றுக்கு மேல் கணக்கில் வராது. சுமார் 40 பௌல் இருப்பதால் சில வருடம் தகுதியான டீம்கள் போதாமல் போகும். அப்போது 5-7 டீம்களில் ஏபிஆர் என்ற படிப்பு மதிப்பெண் அதிகமுள்ள டீமுக்கு முதலில் வாய்ப்பு தருவார்கள். இப்படி வருபவர்களைத் தோற்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்காதீர்கள். 2015 சீசனில் நெப்ராஸ்கா, மினசோட்டா, சான் ஹோசே ஸ்டேட் மூன்றும் 5-7 கணக்கோடு வந்தன, மூன்றுமே ஜெயித்தன.

எந்த டீம் எந்த ஊருக்குப் போகும் என்பதை பெரும்பாலும் கான்ஃபரன்ஸுக்கும் (டீம்கள் சேர்ந்து ஆடும் லீக் பிரிவு) பௌலுக்கும் உள்ள ஒப்பந்தம் முடிவு செய்கிறது. சென்னைக்காரர்களுக்கு மார்கழிக் கச்சேரியை வைத்துச் சொன்னால் உடனே புரியும். பெரிய சபா முதலில் தனக்கு வேண்டிய வித்வானைப் பிடித்து மாலை பிரதான நேரத்தில் போடும். அடுத்த சபா மிச்சத்தில் எடுக்கும். மதியக் கச்சேரிக்கு வளரும் பாடகர் போவார். பௌலும் அப்படித்தான். சிறந்த கணக்குள்ள டீமையே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எந்த டீமின் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் விமானம் ஏறி வந்து ஓட்டல் நிரப்புவார்கள் என்றும் பார்ப்பார்கள்.

சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃப் இதற்குள்ளேயே ஒரு பகுதி. 2014 சீசன் முதல் 2023 வரை 4 டீம். 2024 முதல் 12 டீம். 13 பேர் கொண்ட குழு டிசம்பர் முதல் வாரக் கடைசியில், கான்ஃபரன்ஸ் ஃபைனல்கள் முடிந்த மறுநாள் பட்டியலை வெளியிடும். 2024, 2025 சீசன்களில் தரவரிசையில் மேலே உள்ள ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதியாக இருந்தது. முதல் நான்கு இடத்துக்கு முதல் சுற்று கிடையாது. 5 முதல் 8 வரையான டீம்கள் 9 முதல் 12 வரையான டீம்களைத் தங்கள் சொந்த மைதானத்தில் சந்திக்கும்; இந்த நான்கு ஆட்டத்துக்கு பௌல் பெயர் இல்லை. காலிறுதியும் அரையிறுதியும் ரோஸ், சுகர், ஆரஞ்ச், காட்டன், ஃபியஸ்டா, பீச் என்ற ஆறு பௌல்களில் சுழற்சி முறையில் நடக்கும்.

மற்ற முப்பத்துச் சொச்சம் பௌல்களில் ஜெயித்தால் கோப்பை உண்டு, அடுத்த சுற்று இல்லை. உங்கள் ஷீட்டில் நம்பர் போடும்போது இந்த ஒரு வேறுபாட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

---

ரெட்ஸோன்:

நாலாவது டவுன் சார் சொன்ன கடைசி வரியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன். தரமணி ப்ரோ, வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் பார்த்துப் போட்டா கண்டிப்பா அடி வாங்குவீங்க. அந்தக் கணக்கு நவம்பர்ல ஆடின டீமோடது. டிசம்பர் 28 அன்னைக்கு மைதானத்துல இறங்குறது வேற டீமா இருக்கலாம்.

இதுக்கு 2023 சீசன் ஆரஞ்ச் பௌலைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஃப்ளோரிடா ஸ்டேட் 13-0. அவங்க குவார்ட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர்) ஜோர்டன் ட்ராவிஸ் நவம்பர்ல கால் உடைஞ்சு வெளிய போனதால, தோக்காத டீமா இருந்தும் அந்த 4 டீம் பிளேஆஃப்ல இடம் தரல. அதுக்கப்புறம் இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் ஆரஞ்ச் பௌல்ல ஆடல. சிலர் என்எஃப்எல் டிராஃப்டுக்கு (என்எஃப்எல் டீம்கள் ரவுண்டு ரவுண்டா காலேஜ் வீரர்களை எடுக்கற தேர்வு) போறோம்னு ஒதுங்கினாங்க, சிலர் வேற காலேஜுக்கு மாற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல பேர் குடுத்தாங்க, சிலருக்குக் காயம். எதிர்ல ஜார்ஜியா 12-1. ஸ்கோர் 63-3. கணக்கை மட்டும் பார்த்து 13-0க்கு 40 பாயின்ட் போட்டவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

வீரர்கள் ஏன் ஒதுங்குறாங்கன்னா, 2016 ஜனவரி 1 ஃபியஸ்டா பௌல்ல நோட்டர் டேம் லைன்பேக்கர் (டிஃபென்ஸ் வீரர்) ஜெய்லன் ஸ்மித்துக்கு முழங்கால் போச்சு. டிராஃப்டுல முதல் ரவுண்டுல மேல போக வேண்டியவர் இரண்டாவது ரவுண்டுக்கு இறங்கினார். அதே வருஷக் கடைசியில லெனர்ட் ஃபோர்னெட்டும் கிறிஸ்டியன் மக்காஃப்ரியும் பௌல் ஆட மாட்டோம்னு சொன்னாங்க. அதுலேர்ந்து இது வழக்கமாயிடுச்சு. நான் இதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். இருபத்தொரு வயசுப் பையனோட மொத்த வருமானமும் ஒரு முழங்கால்ல இருக்கு.

ஷீட்டை நிரப்புற முறை இதுதான். முதல்ல 40 மேட்சையும் பாயின்ட் ஸ்ப்ரெட் வரிசையில அடுக்குங்க, அதாவது ஒரு டீம் எத்தனை புள்ளி வித்தியாசத்துல ஜெயிக்கும்ங்கற பொது மதிப்பீடு. இஎஸ்பிஎன் சைட்ல மேட்ச் பக்கத்துலயே இருக்கும். அதிக வித்தியாசம் இருக்கறது மேல, 40லேர்ந்து கீழ இறங்கி வாங்க. இது வெறும் அடிப்படை வரிசை. 3 புள்ளி, அதுக்கும் கீழன்னா காசு சுண்டிப் போடறதுக்குப் பக்கம்தான். அதெல்லாம் ஒத்தை இலக்க நம்பருக்கு.

ஏன் மேல் பக்கத்துல இவ்வளவு கவனம்னு கேட்டா: 1லேர்ந்து 40 வரை கூட்டினா 820. மேல இருக்கற பத்து நம்பர், 31லேர்ந்து 40 வரை, மட்டும் 355. கீழ இருக்கற பத்து நம்பரோட கூட்டுத்தொகை வெறும் 55. அதனால சின்ன மேட்ச்ல யார் ஜெயிப்பாங்கன்னு ராத்திரி முழுக்க மண்டையை உடைச்சுக்காதீங்க. அந்த நேரத்தை மேல் பத்துல ஓட்டை இருக்கான்னு பார்க்கச் செலவிடுங்க.

ஓட்டை பார்க்கறதுன்னா, முதல் கேள்வி குவார்ட்டர்பேக் ஆடறாரா. இல்லன்னா அந்த மேட்சை அப்படியே கீழ இறக்குங்க. அடுத்து எல்லாரும் விட்டுடுற இடம் லெஃப்ட் டேக்கிள். வலது கை குவார்ட்டர்பேக் பந்தை எறியத் திரும்பி நிக்கும்போது அவரோட இடது பக்கம் முதுகுப் பக்கம். அங்கேர்ந்து வர்றவனை அவரால பார்க்க முடியாது. அதைத் தடுக்கறது லெஃப்ட் டேக்கிள். நல்ல லெஃப்ட் டேக்கிள்னா டிராஃப்டுல சீக்கிரம் போவாரு, அதனால பௌல்ல ஒதுங்கறவங்கள்ல இவங்க நிறைய. இரண்டாம் வரிசைப் பையன் அந்த இடத்துல நின்னா குவார்ட்டர்பேக் ரெண்டு செகண்டுல பந்தை விட்டுடுவாரு. தூரப் பாஸ் காணாமப் போகும், அஃபென்ஸ், அதாவது தாக்கி ஆடற பக்கம், மொத்தமும் சுருங்கிடும். செய்தியில "ஒரே ஒரு லைன்மேன் ஆடல"ன்னு ஒரு வரிதான் வரும், ஆனா அது பாஸைப் பிடிக்கற ஒரு பெரிய ரிசீவர் போனதைவிட அதிகமா அடிக்கும்.

அதுக்கப்புறம் கோச். ஹெட் கோச் வேற வேலைக்குப் போயிட்டார்னா உடனே பயப்பட வேண்டாம். ஆட்டத்துல பிளே கூப்பிடுறவர், அதாவது ஒவ்வொரு தடவையும் என்ன நகர்வுன்னு முடிவு பண்றவர், யார்னு பாருங்க. 2025 சீசன்ல ஹெட் கோச் லேன் கிஃபின் பிளேஆஃபுக்கு முன்னாடியே ஓல் மிஸ்ஸை (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) விட்டு எல்எஸ்யு (லூயிசியானா ஸ்டேட்) போயிட்டார். ஆனா அஃபென்ஸ் கோஆர்டினேட்டர் (அஃபென்ஸைப் பார்த்துக்கற கோச்) பிளேஆஃப் முடியற வரை கூட இருந்தார், முக்கிய வீரர்களும் அப்படியே இருந்தாங்க. டுலேனை 41-10, அடுத்து ஜார்ஜியாவை 39-34 ஜெயிச்சு அரையிறுதி வரைக்கும் போனாங்க. ஹெட் கோச், கோஆர்டினேட்டர், குவார்ட்டர்பேக் மூணு பேரும் சேர்ந்து போனாத்தான் டீம் காலி.

ராணுவக் கல்லூரி டீம்கள், அதாவது ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ், இதுல தனி ரகம். அங்கேர்ந்து போர்ட்டல்ல போறவங்க கம்மி, டிராஃப்டுக்காக ஒதுங்கறவங்களும் அபூர்வம். நவம்பர் டீமே டிசம்பர்லயும் வரும். 2024 சீசன்ல நேவி ஓக்லஹோமாவை 21-20னு ஜெயிச்சது, ஆர்மி லூயிசியானா டெக்கை 27-6. பெரிய பேர் உள்ள எதிரணியைப் பார்த்து இவங்களைக் கைவிடாதீங்க.

பிளேஆஃப் ஆட்டங்கள்ல ஒதுங்கற பிரச்சனை கிட்டத்தட்ட இல்ல. 2024ல முதல் சுற்றுல சொந்த மைதானத்துல ஆடின நாலு டீமும் ஜெயிச்சுது. அதனால அந்த நாலையும் தைரியமா மேல வைக்கலாம்.

---

மார்கழி அலாரம்:

ரெட்ஸோன் சொன்னதில் கடைசிப் பத்தியை மட்டும் மறுக்கிறேன். 2024ஐ மட்டும் பார்த்து முதல் சுற்றில் உள்ளூர் டீமுக்கு நம்பர் ஏற்றக்கூடாது. 2025இல் அலபாமா ஓக்லஹோமாவுக்குப் போய் 34-24, மயாமி டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்குப் போய் 10-3 என்று ஜெயித்தன. உள்ளூர் ஜெயித்த இரண்டும் ஆரிகன், ஓல் மிஸ். எதிரே இருந்தவை சிறிய கான்ஃபரன்ஸ் டீம்கள். அதாவது வித்தியாசம் பலத்தில்தான் இருந்தது.

அதேபோல முதல் சுற்று ஆடாமல் நேரே காலிறுதிக்கு வரும் டீம்தான் பலசாலி என்று நினைப்பதும் ஆபத்து. 2024இல் அப்படி வந்த ஆரிகன், ஜார்ஜியா, பாய்ஸி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் நான்குமே தோற்றன. 2025இல் இண்டியானா மட்டும் ரோஸ் பௌலில் அலபாமாவை 38-3 வென்றது, மற்ற மூன்றும் தோற்றன. 2024 தோல்விகளுக்கு ஒரு காரணம் வெளிப்படை: அப்போது முதல் நான்கு இடமும் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கே என்ற விதி இருந்ததால் தரவரிசையில் 9ஆவது பாய்ஸி ஸ்டேட் 3ஆம் இடத்திலும், 12ஆவது அரிசோனா ஸ்டேட் 4ஆம் இடத்திலும் அமர்ந்தன. 2025இல் அந்த விதியை எடுத்துவிட்டு நேரடித் தரவரிசை ஆக்கினார்கள், அப்படியும் மூன்று போயிற்று. நான் இதில் ஓய்வின் நீளத்தைக் குறை சொல்வேன். கான்ஃபரன்ஸ் ஃபைனலுக்கும் காலிறுதிக்கும் நடுவே மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி. எதிரணியோ பத்துப் பன்னிரண்டு நாள் முன்புதான் ஆடிவிட்டு வருகிறது.

இனி நேரம். டிசம்பர், ஜனவரியில் ஈஸ்டர்ன் நேரத்தோடு பத்தரை மணி கூட்டினால் நம் நேரம். மதியம் 12 என்றால் இங்கே அதே நாள் இரவு 10:30. மாலை 3:30 என்றால் நள்ளிரவு தாண்டி 2 மணி, மறுநாள் தேதி. இரவு 7:30 என்றால் மறுநாள் காலை 6. சென்ட்ரலுக்குப் பதினொன்றரை, பசிஃபிக்குக்குப் பதின்மூன்றரை, ஹவாய்க்குப் பதினைந்தரை மணி கூட்டுங்கள்.

பலர் தவறுவது இங்கே: செப்டம்பர், அக்டோபரில் இந்த வித்தியாசம் ஒன்பதரை மணிதான். நவம்பர் முதல் ஞாயிறு அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைப்பார்கள், நாம் வைப்பதில்லை. சீசன் தொடக்கத்தில் போட்ட எக்செல் சூத்திரத்தை அப்படியே வைத்திருந்தால் ஒவ்வொரு மேட்சும் ஒரு மணி முன்னதாகக் காட்டும். ஷீட் மூடும் நேரமும் ஈஸ்டர்னில்தான் இருக்கும் என்பதால் தேதியை இருமுறை பாருங்கள். "சனிக்கிழமை மாலை 5:30க்குள்" என்று அவர்கள் எழுதினால் நமக்கு ஞாயிறு விடியற்காலை 4 மணி. ஓஎம்ஆரில் நைட் ஷிஃப்ட் முடிந்து கேப் ஏறும் நேரம் அது. கோலம் போடும் பொழுதில் எழுந்து மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவைக்காமல் முந்தைய இரவே மூடிவிடுங்கள்.

ஒரு முழு ஆட்டம் மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். பிளேஆஃப் ஃபைனல் 2025, 2026இல் ஜனவரி மூன்றாம் திங்கள் இரவு நடந்தது. நமக்குச் செவ்வாய் காலை 6 மணி வாக்கில் தொடங்கும். அநேகமாகப் பொங்கல் முடிந்திருக்கும்.

இன்னொன்று, பெயர்க் குழப்பம். ஸ்பான்சர் மாறினால் பௌல் பெயர் மாறும். ஆர்லாண்டோவில் இன்று பாப்-டார்ட்ஸ் பௌல் என்று நடப்பதன் முந்தைய பெயர் சீஸ்-இட் பௌல். அதற்கும் முன்பு சீஸ்-இட் பெயர் ஃபீனிக்ஸில் நடந்த வேறொரு பௌலில் இருந்தது. பழைய முடிவுகளைத் தேடும்போது ஊரையும் தேதியையும் வைத்துத் தேடுங்கள். டீம்களிலும் கவனம் வேண்டும்: ஃப்ளோரிடாவில் ஒரு மயாமி, ஒஹாயோவில் இன்னொரு மயாமி. வாஷிங்டன் வேறு, வாஷிங்டன் ஸ்டேட் வேறு.

---

தரமணிவாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வரிசைப்படுத்த ஆரம்பிச்சுட்டேன். ரெண்டு விஷயம் இடிக்குது. ஷீட் மூடின பிறகு ஒரு டீம் வரலன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவாங்க? எங்க ரூல்ல அது இல்ல. அப்புறம், சமமா வந்தா முடிவு செய்ய ஃபைனலோட மொத்த ஸ்கோர் கேக்கறாங்க. என்ன போடறது?

---

நாலாவது டவுன்:

இது உண்மையிலேயே நடக்கக்கூடியது, இப்போதே ரூல் எழுதிவிடுங்கள். 2024 டிசம்பரில் மார்ஷல் டீம் கோச் போய், வீரர்களும் பெருமளவில் போர்ட்டலில் பெயர் கொடுத்ததால் இண்டிபெண்டன்ஸ் பௌலிலிருந்து விலகியது. ரெட்ஸோன் சொன்ன ஆர்மி ஆட்டத்தில் லூயிசியானா டெக் வந்தது அப்படித்தான். 2025இல் பிளேஆஃப் கிடைக்காத நோட்டர் டேம் எந்தப் பௌலும் வேண்டாம் என்றது.

நியாயமான ரூல் இது. மேட்ச் ரத்தானால் அந்த மேட்சுக்கு யாருக்கும் பாயின்ட் இல்லை, மற்ற நம்பர்கள் அப்படியே இருக்கும். எதிரணி மாறினால் அந்த ஒரு மேட்சில் மட்டும் டீமை மாற்ற அனுமதி, நம்பரை மாற்ற அனுமதி இல்லை. நம்பரையும் மாற்றவிட்டால் ஏற்கெனவே முடிந்த மேட்சுகளின் நம்பரோடு மோதும், கணக்கு சிதறும். பிளேஆஃப் காலிறுதி முதலான ஆட்டங்களில் யாரோடு யார் ஆடுவார்கள் என்பதே டிசம்பர் நடுவில் தெரியாது. அவற்றை இந்த 40இல் சேர்க்காமல், ஒவ்வொரு சுற்றுக்கும் தனியாக மூடும் நேரம் வைத்து, நிலையான பாயின்ட் கொடுத்துவிடுங்கள்.

---

ரெட்ஸோன்:

மார்கழி அலாரம் சொன்ன திருத்தம் சரிதான், முதல் சுற்று நாலையும் ஸ்ப்ரெட் சொல்ற இடத்துலயே வைங்க.

ஃபைனல் மொத்தத்துக்கு: 2021 ஜனவரில அலபாமா 52, ஒஹாயோ ஸ்டேட் 24, மொத்தம் 76. 2022ல ஜார்ஜியா 33, அலபாமா 18, 51. 2023ல ஜார்ஜியா 65, டிசியு (டெக்சஸ் கிறிஸ்டியன்) 7, 72. 2024ல மிச்சிகன் 34, வாஷிங்டன் 13, 47. 2025ல ஒஹாயோ ஸ்டேட் 34, நோட்டர் டேம் 23, 57. 47லேர்ந்து 76 வரை போகுது, நடு எண் 57. யார் ஃபைனல் வருவாங்கன்னே தெரியாத நேரத்துல 50க்கும் 60க்கும் நடுவுல ஒரு நம்பர் போடறதுதான் பாதுகாப்பு.

ஆனா 56, 57ன்னு நேரா நடுவுல போடாதீங்க, எல்லாரும் அங்கதான் போடுவாங்க. 51 இல்ல 52 போட்டா ஸ்கோர் கம்மியான ஆட்டம் மொத்தமும் உங்க பக்கம். ஓவர்டைம் புள்ளியும் மொத்தத்துல சேருமான்னு ரூல்ல எழுதச் சொல்லுங்க. காலேஜ்ல ஓவர்டைம்ல ரெண்டு டீமும் மாத்தி மாத்தி எதிராளியோட 25 யார்ட் கோட்டுலேர்ந்து ஆரம்பிப்பாங்க. ரெண்டாவது ஓவர்டைம்லேர்ந்து டச்டவுன் போட்டா அதோட கூடுதலா 2 பாயின்ட் எடுக்கற முயற்சி கட்டாயம், மூணாவதுலேர்ந்து வெறும் 2 பாயின்ட் முயற்சிதான். முதல் ரெண்டு ஓவர்டைம்லயே மொத்தம் சட்டுனு இருபது, முப்பது ஏறிடும்.